நான் விழுங்கிய நார்

பனங்கிழங்கை எப்படித் தின்ன வேண்டும் என்று எனக்கு ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தார். உடன்குடிப் பக்கம் பனங்காட்டில் பிறந்து, நாற்பத்தொன்பது வயது வரை ஒரு தை மாதம்கூடத் தவறாமல் கிழங்கு தின்றவள் நான். இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வராது என்று அன்றைக்கு நினைத்தேன். வந்தது. அதையும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்துக்குக் கடைப்பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “என்னக்கா செஞ்சது?” என்று ஆரம்பிக்கிறார்கள். ஆளுக்கு ஆள் முதலிலிருந்து சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதுவும் போக, பாதிதான் சொல்கிறேன். மீதியையும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் ராஜகனி. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. வீட்டுக்காரர் சரக்கு எடுக்கப் போவார், நான் கல்லாவில் இருப்பேன். ஒரே மகள் நித்யா, வயது இருபத்தைந்து, கப்பல் கம்பெனி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வேம்பாரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. உப்பளம் வைத்திருக்கிற குடும்பம், நல்ல பையன், மாசி மாதம் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருந்தோம்.

மார்கழியில் வியாபாரிகளுக்கென்று ஒரு இலவச மருத்துவ முகாம் நடந்தது. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். இரண்டு நாள் கழித்துச் சீட்டு வந்தது. எல்.டி.எல். என்று ஒரு கொலஸ்ட்ரால் இருக்கிறது. ரத்தக் குழாய்களின் உள்சுவரில் போய்ப் படிந்து அடைக்கிற வகை. நூறை ஒட்டி இருந்தால் நல்லது. எனக்கு இருநூற்று முப்பதைத் தாண்டியிருந்தது. ஐம்பது கிலோகூட இல்லாத உடம்பு எனக்கு. தெருவில் என்னைக் ‘கொழுப்புப் பிடித்தவள்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் என் வாயைப் பார்த்துச் சொன்னவர்கள், ரத்தத்தைப் பார்த்து அல்ல.

சீட்டைக் காட்டியபோது முகாமிலிருந்த இளம் டாக்டர் இரண்டு சொன்னார். ஒன்று, தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. இரண்டு, நார்ச்சத்து நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும். நான் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

காரணம் இருந்தது. எங்கள் கடைக்கு எதிரே இருப்பது மருந்துக் கடை. அந்த அம்மா வேம்பார்க்காரர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நான் இதய மாத்திரை வாங்கினால் அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அந்தச் செய்தி வேம்பார் போய்ச் சேர்ந்துவிடும். அதுவும் அவர்கள் முதல் தடவை பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருந்தார்கள்.

“பொண்ணோட பெரியம்மை சின்ன வயசுலேயே தவறிட்டாவளாமே, என்ன செஞ்சது?”

“வாயுதான் மதினி. நெஞ்சுல அடைச்சிட்டு,” என்று சொன்னேன்.

என் அக்கா தங்கக்கனி எட்டு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தேழு வயதில், தன் மகள் செல்வியின் கல்யாணத்தைச் செய்துவைத்துவிட்டு மறுவீட்டன்று சமையலறையில் விழுந்து இறந்துபோனாள். ஊரெல்லாம் வாயு என்றார்கள். நானும் அதையே சொன்னேன். இப்போது எனக்கும் நெஞ்சுக்கு மாத்திரை என்று தெரிந்தால் இரண்டையும் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பெண் வீட்டு ரத்தம் சரியில்லை என்று ஒரு சொல் விழுந்தால் போதும். ஆகவே நான் சாப்பாட்டிலேயே வைத்தியம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். சாப்பாட்டைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

எதில் நார் அதிகம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பொங்கல் நேரம். கடை வாசலில் பனங்கிழங்கு கட்டுக்கட்டாகச் சாத்தி வைத்திருந்தது. தை மாதம் ஒருத்தி கிழங்கு தின்றால் ஏன் தின்கிறாய் என்று தூத்துக்குடியில் யார் கேட்பார்கள்? அவித்து வைத்துக்கொண்டு காலையில் நாலு, சாயங்காலம் நாலு என்று ஆரம்பித்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை உருவிப் போட்டு, மேலிருந்து கீழாக நூல்நூலாக வருகிற நாரை உரித்து எறிந்துவிட்டு, மாவுப் பகுதியை மட்டும்தான் தின்போம். வாயில் சிக்குகிற நாரைத் துப்பிவிடுவோம். பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். நான் துப்பவில்லை. நார்தானே மருந்து, மருந்தை யாராவது துப்புவார்களா என்று அத்தனையையும் சேர்த்து விழுங்கினேன். இடது பக்கக் கடைவாயில் இரண்டு பல் கிடையாது. பாதி மென்று பாதி மெல்லாமல் உள்ளே தள்ளினேன். கல்லாவை விட்டு அடிக்கடி எழுந்திருக்கக் கூடாதென்று தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை.

வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

“ஏளா, நாரைத் துப்பலையா நீ?”

“அதுலதான் சத்து இருக்காம். உங்களுக்கு என்ன தெரியும்?”

“பன்னிரண்டாங் கிளாஸ் படிச்சவ சொன்னா சரிதான்,” என்று போய்விட்டார். அவர் எட்டாவது. இந்த ஒரு விஷயத்தில் முப்பது வருடமாக எனக்கு வாதத்தில் தோல்வியே கிடையாது.

பதினைந்தாம் நாள் வயிறு உப்ப ஆரம்பித்தது. ஓமத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் சுருட்டிச் சுருட்டி வலித்தது. நடுப்பகலில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே பச்சையாக வாந்தியெடுத்தேன். பருப்பு வாங்க வந்திருந்த ஒரு அம்மாதான் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். வீட்டுக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு ஆட்டோ பிடித்தார். சாவு வீட்டுக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் பகலில் அந்த ஷட்டர் இறங்கியதே இல்லை. அது இறங்கிய சத்தத்தில்தான் எனக்கு முதல் பயம் வந்தது.

அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு ஸ்கேன். அறுவை டாக்டர் வந்து, என் கட்டில் ஓரத்தில் நின்று, கடைசி ஒரு மாதம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன். நாரையுமா என்றார். ஆமாம் என்றேன். பக்கத்திலிருந்த நர்ஸ் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. சிரிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“நாரை உரிச்சிட்டுத்தான் திங்கணும்மா,” என்றார் டாக்டர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல. பிறகு விளக்கினார். செரிக்காத நார் எல்லாம் உள்ளே ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகிவிடும். பீசோர் என்று அதற்குப் பெயர். எனக்கு ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனால் சிறுகுடலில் ஓரிடம் இழுத்துப் பிடித்துச் சுருங்கியிருக்கிறது. உருண்டை நேரே போய் அங்கே உட்கார்ந்துகொண்டது. முழுதாக அடைக்கவில்லை, முக்கால்வாசி. வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் குடலுக்கு ஓய்வு கொடுத்தால் தானாக நகரக்கூடும். இரண்டு மூன்று நாளில் நகராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும்.

ரைல்ஸ் டியூப் என்று ஒரு குழாயை மூக்கு வழியாக இரைப்பைக்குள் விட்டார்கள். “முழுங்குங்க, முழுங்குங்க” என்றார்கள். பதினைந்து நாளாக நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். கண்ணில் நீர் கொட்ட அதையும் விழுங்கினேன். குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் ஒரு பைக்குள் சொட்டிக்கொண்டே இருந்தது. கையில் டிரிப்ஸ். வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் பஞ்சை நனைத்து மணிக்கொரு தரம் உதட்டைத் துடைத்துவிட்டார். நான் சாப்பிடாததால் தானும் சாப்பிடவில்லை என்று சாதித்தார். ஆனால் பக்கத்தில் குனியும்போதெல்லாம் கேன்டீன் உளுந்தவடை வாசம் அடித்தது. நான் கேட்கவில்லை. பில் எவ்வளவு என்று மட்டும் ஒருதரம் கேட்டேன். “அது உன் ஜோலி இல்ல, படு,” என்றார். முப்பது வருடத்தில் கல்லா விவகாரம் ஒன்று என் ஜோலி இல்லை என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள், ஒருவேளை வயிற்றைத் திறக்க வேண்டிவந்தால் இதயம் தாங்குமா என்று பார்க்க இதய டாக்டரம்மா வந்தார்கள். ஈ.சி.ஜி.யைப் பார்த்தார்கள். பிறகு எதற்கென்று புரியாமல் என் கண்ணிமையைத் தடவிப் பார்த்தார்கள். மூக்கை ஒட்டி இமையில் மஞ்சளாகச் சின்னத் தடிப்பு ஒன்று சில வருடமாக உண்டு. அதற்கப்புறம் குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்கள்.

“முன்னாடி கொலஸ்ட்ரால் பாத்திருக்கீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக்?”

“இல்ல.”

நித்யா பக்கத்தில்தான் நின்றாள். “எம்மா, பெரியம்மை?” என்றாள்.

“அது வாயு,” என்றேன். மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுக்க எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை திரும்பி வந்தபோது நித்யா ஆபீஸுக்குப் போயிருந்தாள், வீட்டுக்காரர் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். எல்.டி.எல். முகாமில் வந்ததைவிட இப்போது கொஞ்சம் கூடுதல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்கள். இது நெய்யாலும் எண்ணெயாலும் வந்ததில்லை. ரத்தத்திலிருக்கிற கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கிற வேலை ஈரலுடையது. சில குடும்பங்களில் அந்தப் பிடி பிறவியிலேயே பாதிதான் இருக்கும். ஒல்லியாக இருந்தாலும் ஏறும். இமையில் மஞ்சள், குதிகால் நரம்பில் தடிப்பு எல்லாம் அதன் அடையாளம்.

“மாத்திரை போட்டா நல்லபடியா இருக்கலாம். போடாம விட்டாத்தான் ஆபத்து. உங்க பொண்ணுக்கும் பாக்கணும்மா. வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க கூடப்பிறந்தவங்க பிள்ளைகளுக்கும் சொல்லுங்க.” ஒரு சீட்டில் நித்யாவின் பெயரைக் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

சீட்டை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தேன். “நிச்சயம் முடியட்டும்” என்று எனக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று நினைவு வந்தது.

செல்வி கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்த அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினாள். “ஏதோ கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு ஏளா. ரெண்டு மூணு நாளா இப்படித்தான். யாருட்டயும் சொல்லிராத. கல்யாணம் முடியட்டும்.” நான் சரி என்றேன். கல்யாணம் முடிந்தது. எட்டு வருடமாக இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட இல்லை. அக்காவைக் கொன்றது வாயு என்று நான் அடித்துச் சொன்னதெல்லாம் ஊருக்காக இல்லை. வாயு இல்லையென்றால் கொன்றதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அவ்வளவும் தெரிந்தும் சீட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை. இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன், பனங்கிழங்கைவிடப் பெரிய அவமானம் என்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் வயிற்றுக்குள் கடமுடா என்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததைப் பத்தினிப் பெண் எழுதக்கூடாது. காற்றுப் பிரிந்தது என்று கேட்டதும் நர்ஸ் பெண் ஓடிவந்து கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். டாக்டர் வந்து, இனிமேல் கத்தி வேண்டாம் என்றார். மனிதப் பிறவி இவ்வளவுதான் என்று தோன்றியது. படித்தது, பேசியது, சம்பாதித்தது எல்லாம் ஒரு பக்கம். அந்தக் காற்று ஒரு பக்கம்.

ஐந்தாம் நாள், குழாயை எடுத்துக் கஞ்சித் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்ததும், உணவு ஆலோசகர் வந்தது. ரோஸ்லின் என்று பெயர், மணப்பாட்டுப் பெண், நித்யா வயது இருக்கும். கையில் இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் யாரிடமோ வாங்கிவந்த பனங்கிழங்கு நாரைத் தண்ணீரில் போட்டிருந்தது. இன்னொன்றில் இசப்கோல் உமி, மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிப்பார்களே, அது.

“நல்லாப் பாருங்கக்கா. உங்க நாரு ராத்திரியில இருந்து கெடக்கு. அப்படியே நூலாட்டம் இருக்கா? இதைப் பாருங்க.” இசப்கோல் தம்ளரைச் சாய்த்தது. உள்ளே இருந்தது கூழாகி, தம்ளரை விட்டு வர மறுத்தது.

நார்ச்சத்தில் இரண்டு ஜாதி உண்டாம். தண்ணீரில் கரையாதது ஒன்று. கீரைத்தண்டு, தவிடு, என் பனங்கிழங்கு எல்லாம் அது. வயிற்றைச் சுத்தம் செய்யும், கொலஸ்ட்ராலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. தண்ணீரில் கரைந்து வழவழவென்று ஆவது இன்னொன்று. வெண்டைக்காய், ஊறிய வெந்தயம், ஓட்ஸ், பார்லி, காராமணி, கொய்யா, இசப்கோல். ஈரல் கொலஸ்ட்ராலை வைத்துத்தான் பித்தநீரைச் செய்கிறது. அந்தப் பித்தநீர் குடலுக்கு வந்து எண்ணெயைச் செரிக்கவைத்துவிட்டு, மறுபடி உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்பிவிடும். திரும்பத் திரும்ப அதே தண்ணீர்தான். வழவழப்பு நார் வந்தால் பித்தநீரைத் தன்னோடு சுருட்டிக்கொண்டு வெளியே போய்விடும். அப்போது ஈரலுக்குப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு ரத்தத்திலிருக்கிற கொலஸ்ட்ராலை எடுக்கும். குறைவது இப்படித்தான்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியதும் எரிச்சல்தான் வந்தது. பார்லியும் ஓட்ஸும் இசப்கோலும் என் கல்லாவுக்குப் பின்னால் இரண்டாவது தட்டில்தான் இருக்கின்றன. நீர்க்கடுப்புக்கு என்று எத்தனை பேருக்குப் பார்லி பொட்டலம் கட்டியிருப்பேன்.

“அப்போ முதல்லயே இதைத் தின்னிருந்தா மாத்திரை வேண்டாம், அப்படித்தானே?” என்று கேட்டேன்.

“அது கொஞ்சந்தான் குறைக்கும்க்கா. லேசா ஏறினவுகளுக்கு அதும் நடையுமா சேர்ந்து போதும். உங்களுக்குப் பிறவியிலேயே உள்ளது. மாத்திரையும் வேணும், இதுவும் வேணும். இது மாத்திரைக்குத் தங்கச்சி, மாத்திரை ஆகாது. அதும் தண்ணி நிறையக் குடிக்கணும். மாத்திரையோட சேத்துப் போட்டிராதிய, ரெண்டு மணி நேரம் தள்ளி.”

கேட்கக்கூடாத கேள்வியை அப்போதுதான் கேட்டேன். “என் மகளுக்கு? மாத்திரை எதுவும் இல்லாம, பார்லியும் வெண்டைக்காயும் மட்டும் குடுத்து வச்சா போதாதா? அவ சின்னப்பிள்ள.”

“டெஸ்ட் பாக்காம எப்படிக்கா சொல்ல?”

“எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. நித்யா பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

ரோஸ்லின் என்னைப் பார்த்தது. நான் என்னையறியாமல் தலையணையைப் பார்த்தேன். என் மகள் என் முகத்தை வாசிப்பதில் கெட்டிக்காரி. நேரே வந்து தலையணைக்கு அடியில் கையை விட்டாள். சீட்டைப் படித்தாள். தேதியைப் பார்த்தாள்.

“ரெண்டு நாளா வச்சிருக்கிய.”

“நிச்சயம் முடியட்டும்னுதான் பிள்ள...”

அவள் பிளாஸ்க்கை என் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கீழே லேபுக்குப் போனாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. என்னைவிடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். என் மூக்கு, என் வாய், என் ரத்தம். நான் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். டாக்டரம்மா அவளிடம் நிதானமாகப் பேசினார்கள். சின்ன வயதிலேயே தெரிந்தது நல்லது, இப்போதே ஆரம்பித்தால் குழாயில் படிவதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாம், பிள்ளை பெறுகிற காலத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம் என்றார்கள். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். குறித்துவிட்டு, என் முன்னாலேயே வேம்பார்ப் பையனுக்குப் போன் போட்டு, கப்பல் எப்போது கரைக்கு வரும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற அதே குரலில், விஷயம் இன்னது என்று சொன்னாள். அவன் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றானாம்.

இரண்டு நாள் யாரும் அழைக்கவில்லை. எட்டாம் நாள் காலை தரகர் அண்ணாச்சி என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார்.

“ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய. பையனுக்கு இந்த வருசம் குருபலன் இல்லையாம்.”

வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டுச் சொன்னதும் நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “லேப் ரிப்போர்ட்டு ஜாதகத்துலயும் தெரியுது போல,” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் உதடு நடுங்கிவிட்டது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் டிஸ்சார்ஜ். நித்யா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் மாத்திரைகளை எது காலை எது ராத்திரி என்று உறையின் மேல் எழுதிக்கொண்டிருந்தார். நான் அவர்கள் இருவரிடமும் அக்கா சொன்னதைச் சொன்னேன். தாம்பூலப் பை, கல்லைத் தூக்கி வைத்த மாதிரி என்றது, கல்யாணம் முடியட்டும் என்றது, நான் சரி என்றது. எட்டு வருடத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்காரர் எழுதுவதை நிறுத்தினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று இருந்தது. தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“செல்விக்குப் போடு. அவளுக்கும் பாக்கணும்லா.”

அக்கா மகள் செல்வி ஏரலில் இருக்கிறாள். பாத்திரக்கடைக்காரர் வீட்டு மருமகள், இரண்டு பிள்ளைகள். போனை எடுத்து, “சித்தி, வீட்டுக்குப் போயாச்சா?” என்றாள். அவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அம்மா என்னிடம் சொன்னதை அவளிடம் சொன்னேன். நான் வாயைத் திறந்திருந்தால் அவள் அம்மா இருந்திருப்பாள் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. நீயும் உடனே ரத்தம் பார் என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நான் மூணு வருசமா மாத்திரை போடுதேன் சித்தி.”

எனக்கு விளங்கவில்லை.

“சின்னவ பொறந்த பிறகு ஒரு செக்கப்ல கண்டுபிடிச்சாங்க. சித்திமார் வீட்டுலயும் சொல்லுங்கன்னு அப்பவே டாக்டர் சொன்னாரு. நித்யாவுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருந்திய. நம்ம வாயால அவளுக்கு ஒரு தடை வந்திரக்கூடாதுன்னு நான்தான் சொல்லல. இங்கன மாமியாருக்கும் தெரியாது. சத்து மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்று மட்டும் கேட்டேன். “பெரியவளுக்குப் பாத்தியா? அவளுக்கு ஏழு வயசாச்சே.”

“பொட்டப்பிள்ளைலா சித்தி,” என்றாள். “இப்பவே எதுக்கு எழுதி வைக்கணும்னு...”

மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கட்டிலில் போட்டுவிட்டு நித்யா என் மடியிலிருந்து போனை எடுத்தாள்.

“செல்வியக்கா, நானும் பொட்டப்பிள்ளதான். நாளைக்கு அவளக் கூட்டிட்டு இங்கன வா. நான் கூட இருக்கேன்.”

செல்வி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள்.